குளவி மண் எடுக்கும் இடம்

1

என் மேசைமேல் இருக்கும் குளவிகள் எல்லாம் பிறக்காமலே செத்தவை. ஊரில் யாரிடமாவது இப்படிப் பேச்சை ஆரம்பித்தால், காலங்காத்தாலே வேறு பேச்சே கிடைக்கவில்லையா என்பார்கள். என்ன செய்ய, என் பிழைப்பு அது. நைரோபிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் பூச்சிச் சேகரிப்பில், மண்கூடு கட்டும் குளவிகளை இனம் பிரித்து, பெயர்ச்சீட்டு எழுதி, ஊசியில் குத்தி வைப்பவள் நான். கேரளத்து எல்லையோரம், எருத்தேன்பதியில் தென்னந்தோப்புக்கு நடுவே பிறந்தவளுக்கு இந்த வேலை எப்படி வாய்த்தது என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். விவசாயம் படிக்கப் போனேன், பூச்சியில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

என் கணவர் ஆல்பர்ட் சித்திரபுரத்துக்காரர். எஸ்டேட் லயத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பழகி, இங்கே நைரோபிக்குப் பக்கத்தில் லிமுருவில் டீ மேக்கராக வந்து சேர்ந்தார். அவர் பின்னாலேயே நானும் வந்தேன். நாங்கள் இங்கே வந்து இன்றோடு பத்து வருடம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, “கேக்கு ஒண்ணு வாங்கிட்டு வரட்டா?” என்று கேட்டார். எனக்குக் கேக் இறங்காது என்று சொல்லிவிட்டேன். ஏனென்று அவருக்கும் தெரியும்.

என் தங்கச்சி கோகிலாவுக்கு இது எட்டாவது மாதம். ஊரில் விடிந்ததும் எனக்கு ‘அசையுது’ என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்புவாள். அங்கே விடிந்து இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் இங்கே விடியும் என்பதால், நான் கண் விழிக்கும்போது அந்த வார்த்தை எனக்கு முன்பே வந்து காத்திருக்கும். இன்றைக்கு இன்னும் வரவில்லை. போன் செய்தால் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. சும்மா உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் இதை எழுத ஆரம்பித்தேன்.

2

கோகிலா என்னைவிட நான்கு வயது சின்னவள். அப்பா போன பிறகு தோட்டத்தை அவள் கணவர் முருகேசன்தான் பார்த்துக்கொள்கிறார். அம்மாவும் அவர்களோடுதான். கல்யாணமாகி நெடுநாள் குழந்தையில்லை. இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை.

இரண்டாம் முறை நடந்ததை நான் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில், வீட்டுக்குள் குளவி வந்து மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்திக்கு வயிற்றில் தங்கும் என்பது வழக்கம். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டிய கூட்டை ஒருவரும் தொடக் கூடாது. ஒட்டடை அடிக்கிறவர்கள்கூட அந்த இடத்தை விட்டுவிட்டு அடிப்பார்கள். முருகேசன் அந்த வருடம் பொங்கல் நோம்பிக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார். படுக்கையறைச் சுவரில் இருந்த கூட்டைக் கரண்டியால் சுரண்டிப் போட்டுவிட்டு மேலே வெள்ளை பூசினார். அதே வாரத்தில் கரு கலைந்தது.

அம்மா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு மட்டும் விட்டார். திட்டியிருந்தால்கூட முருகேசன் மறந்திருப்பார். அந்தப் பெருமூச்சுக்குப் பிறகு அவர் பெயின்ட் பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை. வீடு பாசி பிடித்துக் கிடக்கிறது.

இந்தத் தடவை கோகிலாவுக்கு நாள் தள்ளிப்போனதும் ஒரு படம் வந்தது. அதே படுக்கையறை, ஸ்விட்ச் போர்டுக்கு மேலே, வரிசையாக மூன்று மண் கலயங்கள். ஒவ்வொன்றும் ஒரு நெல்லிக்காய் அளவு. பக்கத்தில் அம்மா வைத்த குங்குமப் பொட்டு. படத்தோடு கோகிலாவின் குரல்:

“அக்கா, பாத்தீங்களா? மூணு கட்டியிருக்குதுங்க. இந்தவாட்டி தங்கிப்போடுமுன்னு அம்மா சொல்றாங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? படத்தைப் பெரிதாக்கி, கலயத்தின் கழுத்து எப்படி, மேல்பூச்சு எப்படி என்று பார்த்தேன். தொழில்புத்தி. ‘நல்ல கூடு, எந்த வகை என்று பார்க்க வேண்டும்’ என்று பதில் போட்டேன். அம்மா உடனே போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஏனம்மிணி, குளவியப் பத்தித்தான உனக்குப் படிப்பே. அது எதுக்கு ஊட்டுக்குள்ள வந்து கூடு கட்டுதுன்னு மட்டும் அந்தப் படிப்புல சொல்லித் தரலையாக்கும்?”

நான் சிரித்துவிட்டேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தப் பொட்டைப் பார்த்ததும் எனக்கும் தங்கிவிடும் என்றுதான் தோன்றியது.

3

அதே சமயத்தில்தான் இங்கே என் கைக்கு ஒரு ஆப்பிரிக்கக் குளவி வந்து சேர்ந்தது.

டெல்டா என்று ஒரு பேரினம். அதன் வகைகள் இங்கேயும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. எறும்பின் இடுப்பையும் தோற்கடிக்கிற காம்பு போன்ற இடுப்பு இதற்கு. பெண் குளவி ஈரமண்ணை உருட்டி வாயில் கவ்விக் கொண்டுவந்து கலயம் கட்டும். உள்ளே ஒரு முட்டையைத் தொங்கவிட்டு, கொட்டி மயக்கிய பச்சைப் புழுக்களை அடைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போய்விடும். குஞ்சு புழுவைத் தின்று வளர்ந்து, றெக்கை முளைத்து, வாயிலிருந்து நீர் விட்டு மண்ணை இளக்கி, கடித்துத் துளைபோட்டு வெளியே வரும். வெளியே வந்த கூட்டில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும்.

எங்கள் சேகரிப்பில் ஒரு பழைய சிக்கல். முன்னொரு காலத்தில் ஒருவர் ஒரே ஒரு பெண் குளவியை வைத்து ஒரு பெயர் சூட்டியிருக்கிறார். வேறொருவர் வேறோர் ஊரில் ஆணை மட்டும் பிடித்து இன்னொரு பெயர் சூட்டியிருக்கிறார். பெண் கறுப்பு, வயிற்றில் ஒரு சிவப்புப் பட்டை. ஆண் சிறியது, உடம்பெல்லாம் மஞ்சள் வரி, உணர்கொம்பின் நுனியில் கொக்கி. இரண்டும் ஒரே இனம்தானா, வேறு வேறா? உயிரோடு பிடித்தால் தெரியாது, அவை தனித்தனியாகத்தான் பறக்கும். ஒரே தாய் கட்டிய கூட்டுக்குள் இரண்டும் கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

என்னோடு வேலை செய்யும் வஞ்சிரு, நைவாஷா ஏரிக்கரையில் ஒரு ரோஜாத் தோட்டத்திலிருந்து அப்படி ஒரு கூட்டைச் சுவர்ப் பூச்சோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் கொட்டகைகளில் ரோஜா வளர்த்து விமானத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்புகிற தோட்டங்கள் அங்கே நிறைய. நாங்கள் இருவரும் மெல்லிய இடுக்கியால் கலயம் கலயமாகத் திறந்தோம். எல்லாவற்றிலும் முழுதாக வளர்ந்த குளவி. பெண், பெண், ஆண், பெண். இடுப்புக் காம்பின் வளைவு, முகத்தட்டின் நடுவெட்டு எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. வஞ்சிரு என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டு பெயரில் ஒன்றை எடுத்துவிடலாம். இத்தனை நாள் புருஷன் பெண்டாட்டியைத் தனித்தனி ஊரில் பிரித்து வைத்திருந்தவர்களை ஒரே அட்டையில் சேர்த்துவிட்டோம் என்று சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான், இவை ஏன் உள்ளேயே இருக்கின்றன என்ற கேள்வி வந்தது. எல்லாம் றெக்கை முளைத்தவை. ஒன்றுகூட வெளியே போகவில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வாயைச் சுவரில் வைத்தபடி செத்திருந்தது. உட்சுவரில் கடித்த தடம் இருந்தது. கொஞ்சம் கடித்திருக்கிறது, அதோடு முடிந்திருக்கிறது.

பக்கத்துத் துறையில் மண்ணைச் சோதித்தார்கள். பூச்சி மருந்து. புழுவில் மருந்து இருந்திருந்தால் குஞ்சு வளர்ந்தே இருக்காது. வளர்ந்து, வெளியே வர மண்ணைக் கடித்த அன்றைக்குச் செத்திருக்கிறது. வஞ்சிரு திரும்பவும் ரோஜாத் தோட்டத்துக்குப் போனாள். குளவி எங்கே மண் எடுக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அது போகிற திசையைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி, பின்னாலேயே போக வேண்டும். குளவி தனக்குப் பிடித்த இடத்தைக் கண்டுகொண்டால் கூடு முடிகிறவரை அங்கேயே வரும். மருந்து கலக்குகிற தொட்டியின் கசிவில் அது மண் எடுத்ததை வஞ்சிரு பார்த்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வண்டியில் கோகிலா அனுப்பிய படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். புதுப்படம் ஒன்று அனுப்பச் சொன்னேன். உடனே அனுப்பினாள். மூன்று கலயமும் மூடியே இருந்தன. கட்டி நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு மாதத்தில் திறந்திருக்க வேண்டியவை.

4

அதற்கு அவள் சொன்ன விளக்கத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

“இன்னும் தொறக்கலீங்க அக்கா. அம்மா தினமும் பாக்கறாங்க. அது தொறக்காம இருக்கற வரைக்கும் உள்ள பத்திரமா இருக்குதுன்னு அர்த்தமாமா. நம்ம புள்ள பொறக்கற அன்னைக்குத்தான் அதுவும் பொத்துட்டு வருமாமா.”

நான் ‘சரி’ என்றேன்.  மூடிய கூடு அவர்களுக்கு நல்ல சகுனம். எனக்கு அது என்னவென்று தெரியும். மழை இல்லாத காலத்தில் சில வகைகள் கூட்டுக்குள்ளேயே நெடுநாள் தூங்கும் என்று படித்திருக்கிறேன். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு சில வாரங்களை ஓட்டினேன். எருத்தேன்பதியில் எப்போதுதான் மழை பெய்தது, தூங்கட்டும், தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டின் ஒரு துண்டைத் தபாலில் வரவழைத்துச் சோதிக்கலாமா என்று விசாரித்தேன். இந்தியாவிலிருந்து ஒரு குளவியின் கால்கூட அனுமதியில்லாமல் வெளியே வரக் கூடாது, இங்கே அனுமதியில்லாமல் உள்ளே வரக் கூடாது. எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லா அனுமதிக்கும் விண்ணப்பம் வாங்குகிற கவுன்ட்டரில் இருந்தவர் கேட்டார், “உயிரோடு இருக்கிறதா?” இல்லை என்றேன். “அப்புறம் எதற்கு வேண்டும்?” என்றார். அதே மனிதர்தான் போன வருடம் என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போது, கேரளம் என்றால் மலையாளம், தமிழ் என்றால் தமிழ்நாடு, நீ ஏதோ ஒன்றில் தப்பாக எழுதியிருக்கிறாய் என்று ஒற்றைக்காலில் நின்றவர். எல்லையோரத்து ஆட்களுக்குத் தனிக் கட்டம் போட எந்த அச்சகத்தாருக்கும் இன்னும் தோன்றவில்லை.

எங்கள் மகள் மீராவுக்குப் பதினொரு வயது. சித்தியோடு வீடியோவில் பேசினால் ‘நீ, வா, போ’ என்றுதான் வரும். சித்தியிடம் ‘ங்க’ போட வேண்டும் என்று நான் பின்னாலிருந்து கிள்ளினால், அவங்கப்பா பக்கத்துத் தமிழில் அப்படி இல்லையே என்று வாதாடுவாள். குளவிக்கு அவளுக்குத் தெரிந்த சொல் ‘ஞீகு’ என்ற சுவாஹிலிதான். ஒருநாள் வயிற்றைக் காட்டி, “சித்தி, பாப்பா ஞீகு வீட்டுக்குள்ள இருக்கா, உனக்குள்ள இருக்கா?” என்று கேட்டுவிட்டாள். கோகிலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா சிரிக்கவில்லை. “ரெண்டும் ஒண்ணுதான் சாமி” என்றார்.



5

ஏழாம் மாதத்தில் கோகிலாவுக்குக் கால் வீங்கியது. குளவிக்கூட்டு மண்ணைக் குழைத்துப் பற்றுப் போட்டால் வீக்கம் வடியும் என்பது அடுத்த வழக்கம். வீட்டுக் கூட்டைத் தொடக் கூடாது. அதனால் அம்மா தோட்டத்து மோட்டார் ரூமில் இருந்த பழைய கூடுகளைச் சேர்த்து எடுத்துவந்து ஊறவைத்துப் பூசினார். மோட்டார் ரூம் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முருகேசன் மருந்துப் பாட்டில்களை வைக்கிற இடம் அதுதான். அதன் வாசலில்தான் கலக்குவார். தக்காளிக்கு ஒன்று, தென்னையில் வெள்ளை ஈக்கு ஒன்று. நம் பக்கத்தில் கிடைக்காத மருந்து எல்லைக்கு அந்தப்பக்கம் கிடைக்கும், அந்தப்பக்கம் கிடைக்காதது இந்தப்பக்கம் கிடைக்கும். இது எல்லையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது அங்கே லேபிள் கிழிந்த பாட்டில்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆல்பர்ட்டிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

“எங்க எஸ்டேட்ல மருந்தடிச்ச அன்னைக்கு, கொழுந்தெடுத்துட்டு வர்றவுக கையை மூணு தரம் கழுவி, மோந்து பாத்துட்டுத்தான் சோத்துல வைப்பாக. படிக்காத சனம் அது. நீ இத்தன படிச்சிட்டு வாய மூடிட்டு இருக்கியே, என்னத்துக்கு?”

“கூட்டை உடைச்சுப் பார்க்கச் சொல்லி, அப்புறம் ஏதாவது ஆயிட்டா? முருகேசனைப் பார்த்து விட்ட பெருமூச்சை அம்மா என்னைப் பார்த்து விடுவாங்க. சாகுற வரைக்கும் விடுவாங்க.”

“விட்டா விடட்டும். புள்ள பொழச்சாப் போதும்லா.”

பயமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆகிவிட்டால் அது என்னால் ஆனது என்று ஊரே சொல்லுமே என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயம் முதலாவதைவிடக் கொஞ்சமும் சின்னதாக இல்லை என்பதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோகிலாவைக் கூப்பிட்டு, ரோஜாத் தோட்டம் முதல் கடித்த தடம் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.  கடைசியில், “அப்ப நம்ம ஊட்டுக் கூட்டுல இருக்கறதும் செத்துப்போச்சுங்களா?” என்றாள்.

“தெரியாது கண்ணு. திறந்து பார்த்தால்தான் தெரியும்.”

அம்மா அந்த அறைக்குள்ளேயே இருந்திருக்கிறார். போனுக்குக் கிட்ட வந்தார். அவர் முகம் முழுத்திரையையும் அடைத்துக்கொண்டது.

“உன்ற நாக்குல என்ன வருதுன்னு தெரிஞ்சுதான் பேசறயா? ரெண்டு போச்சு. இதையும் உன்ற கையால அழிச்சுப்போடோணுமா? அங்க கெடக்கற ஆப்பிரிக்காக் குளவிய வெச்சு எங்கூட்டுக் குளவிக்குச் சோசியம் சொல்றயா நீ?”

போன் அணைந்தது.

6

மூன்று நாள் கழித்து கோகிலாவே கூப்பிட்டாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். அவள் கையில் ஒரு சின்னக் கத்தி இருந்தது. பக்கத்தில் முருகேசன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

“அண்ணி, நான் தொட மாட்டனுங்க,” என்றார் எடுத்த எடுப்பில். “இவளேதான் பண்ணோணுமுன்னு நிக்கறா.”

“நீ பண்ண வேண்டாம் கோகிலா. அப்படியே விட்டுடு. நான் சொன்னதை மறந்துடு.” என் வாயில் அப்படித்தான் வந்தது. இவ்வளவும் பேசிவிட்டு, கத்தியைக் கண்டதும் நான்தான் பின்வாங்கினேன்.

“இல்லீங்க அக்கா. எனக்குத் தெரியோணும்.”

ஓரத்துக் கலயத்தின் மேல்பாதியை மெதுவாக நெம்பினாள். மண் ஓடு பிளந்து கீழே விழுந்தது. முருகேசன் போனைக் கிட்டே கொண்டுபோனார். படம் ஒரு கணம் மங்கியது. பிறகு தெளிந்தது. முழுதாக வளர்ந்த குளவி. றெக்கைகள் மடித்தபடியே இருந்தன. தலை சுவரோடு ஒட்டியிருந்தது. உட்சுவரில் கடித்த தடம். நைவாஷாவில் பார்த்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மற்ற இரண்டையும் அவளே திறந்தாள். அவற்றிலும் அப்படியே.

அவள் முதலாவது குளவியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அது இம்மியும் எடையில்லாமல் கிடந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அக்கா, இது ஆணுங்களா, பொண்ணுங்களா?” என்றாள்.

உணர்கொம்பின் நுனியைப் பார்த்தேன். கொக்கி இல்லை.

“பொண்ணு.”

“எனக்கும் பொண்ணுதானுன்னு மனசு சொல்லுதுங்க,” என்றாள். பிறகு சேலைத் தலைப்பில் அதை முடிந்துகொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

7

அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பெருமூச்சுகூட இல்லை. என் குரல் கேட்டாலே எழுந்து போய்விடுகிறாராம்.

ஆனால் காரியம் நடந்தது. காலில் போட்ட பற்றைக் கழுவினார்கள். முருகேசன் மருந்துப் பாட்டில்களை மோட்டார் ரூமிலிருந்து எடுத்துத் தோட்டத்தின் கடைசிக்குக் கொண்டுபோனார். கலக்கிய இடத்து மண்ணை ஒரு முழம் வெட்டி அப்புறப்படுத்தி, வேறு மண் கொட்டினார். கோகிலா தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்தினாள். கோயமுத்தூரில் டாக்டர் ஸ்கேன் பார்த்து, குழந்தை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார். ‘கொஞ்சம் சின்னது’ என்பதை நான் அன்றிரவு முழுக்க மென்றுகொண்டிருந்தேன். இருந்தாலும் குளவி மண் எடுத்த இடத்தை மூடியாயிற்று. இடம் தெரிந்து, இடத்தை மூடியாகிவிட்டது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். போன வாரம் வஞ்சிருவோடு உட்கார்ந்து, இரண்டு பெயரை ஒன்றாக்கும் கட்டுரையைக்கூட எழுதி முடித்தேன்.

ஒரு விஷயத்தை நான் செய்யச் சொல்லவில்லை. ஊரில் குளவியின் பின்னால் போய்ப் பார் என்று சொல்லவில்லை. மோட்டார் ரூம் வாசல்தான் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். ரோஜாத் தோட்டத்தில் கலக்குகிற தொட்டி, இங்கேயும் கலக்குகிற இடம். மாணவர்கள் யாராவது இப்படி எழுதிக் கொண்டுவந்தால் பக்கத்தைக் கிழித்து எறிந்திருப்பேன்.

இதை இங்கே எழுதிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. கோகிலாவின் குரல் பதிவு.

“அசையுதுங்க அக்கா, நல்லா அசையுது. காலையில போனை ஊட்டுக்குள்ளயே வெச்சுட்டு வெளிய உக்காந்துட்டனுங்க, அதான் எடுக்கல. இன்னைக்கு அதே எடத்துல, ஸ்விட்ச் போர்டுக்கு மேலயே, ஒரு குளவி புதுசா கட்ட ஆரம்பிச்சிருக்குதுங்க. ஈரமண்ணு. நீங்க அந்த வஞ்சிரு பண்ணாங்கன்னு சொன்னீங்கல்ல, அதே மாதிரி நானும் வெயிலுக்கு முதுகு வெச்சு உக்காந்து, அது எங்க போகுதுன்னு பாத்தனுங்க. தோட்டத்துப் பக்கமே போகலீங்க அக்கா. போறது வாரது எல்லாம் நம்ம குடிதண்ணிக் கொழாயடிக்குத்தானுங்க. போர் தண்ணி சொட்டுமில்ல, அந்தச் சேத்துலதான் மண்ணெடுக்குது. பழைய குளவியும் அங்கதான் எடுத்திருக்குமுங்களா?”

பதிவு அங்கே முடியவில்லை. நிறுத்த மறந்துவிட்டாள் போல. அம்மா பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். வளையல் சத்தம் கேட்டது, குழாயைத் திருகுகிற சத்தம் கேட்டது. பிறகு கடைசிவரை, குடம் நிறைகிற சத்தம்.